உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு ஓவிய நுட்பங்களை எந்த வரிசையில் கற்பிப்பது?

கேள்வி: வரைவகுப்பு

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகச் சிறு வகுப்புகளுக்கு ஓவியம் கற்பித்து வந்த என்னிடம், இந்தக் கல்வியாண்டிலிருந்து பதினான்கு முதல் பதினேழு வயது வரையிலான மாணவர்களின் வகுப்பு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சிறு குழந்தைகளிடம் கோடும் வண்ணமும் தடையின்றிக் கையில் வந்தாலே போதும் என்று வகுப்பை நடத்தலாம். இவர்களிடம் அது போதவில்லை. தாம் வரைந்தது கண்ணில் பட்டதைப் போல இல்லையே என்ற ஏமாற்றம் இந்த வயதில்தான் கூர்மையாக எழுகிறது. அதைத் தாங்க முடியாமல் "எனக்கு ஓவியம் வராது" என்று ஒதுங்கிவிடும் பிள்ளைகளை இழக்க எனக்கு மனமில்லை. நுட்பத்தை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்த வரிசையில், எந்த அளவில் என்பதில்தான் உங்கள் வழிகாட்டுதல் தேவைப்படுகிறது.

வகுப்பில் நான் காண்பதைச் சொல்கிறேன். கைப்பேசியில் உள்ள ஒரு முகப்படத்தைப் பார்த்து, கண்ணிமை மயிர் வரை நுணுக்கமாக ஷேடிங் செய்யும் மாணவி ஒருவர் இருக்கிறார். அவர் முன்னால் ஒரு கோப்பையை வைத்து வரையச் சொன்னால், கோப்பையின் வாய் இருபுறமும் கூரான இலை வடிவத்திலும், அடிப்பகுதி ஒரே நேர்கோடாகவும் வந்து நிற்கின்றன. வண்ணம் என்று வந்துவிட்டால், பெரும்பாலோர் குழாயிலிருந்து வரும் நிறத்தை அப்படியே பூசுகிறார்கள். நிழல் வேண்டிய இடத்தில் கறுப்பைக் கலந்துவிடுகிறார்கள்.

முதல் பருவம் முழுவதும் பென்சில், அடுத்த பருவத்தில் வண்ணம் என்று பிரித்துக்கொள்வது சரியா? பயிற்சிகளுக்கும் அவர்களுடைய சொந்தப் படங்களுக்கும் நேரத்தை எப்படிப் பங்கிடுவது? இன்னொன்றையும் கேட்க வேண்டும்: மாணவரின் தாளில் ஆசிரியர் கைவைத்துத் திருத்திக் காட்டலாமா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கரிக்கோல்

வணக்கம் ஐயா. நீங்கள் குறிப்பிட்ட கோப்பையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அந்த வயதுப் பிள்ளைகளின் சிக்கல் முழுவதும் அதில் இருக்கிறது. கோப்பையின் வாய் வட்டம் என்பதும் அது மேசையில் தட்டையாக அமர்ந்திருக்கிறது என்பதும் அந்த மாணவிக்குத் தெரியும். தெரிந்த அந்தச் செய்தியையே அவர் வரைகிறார். கண் காண்பதை இன்னும் வரையத் தொடங்கவில்லை. கைப்பேசிப் படத்தை வரையும்போது இந்தச் சிக்கல் எழுவதில்லை, ஏனென்றால் கன அளவுள்ள உருவத்தைத் தட்டையாக்கும் கடினமான வேலையைக் கேமரா முன்பே முடித்துக் கொடுத்துவிடுகிறது. அவருடைய கை தேர்ச்சி பெற்ற கைதான். பயிற்சி வேண்டியது கண்ணுக்கு.

ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, அதை மாணவர்களின் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடியுங்கள். விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள். அந்தக் கோடு திறந்து நீள்வட்டமாகும், இறக்க இறக்க மேலும் திறந்துகொண்டே போகும். இப்போது குவளையை நிறுத்தி, வாய், நீர்மட்டம், அடிப்பகுதி ஆகிய மூன்று நீள்வட்டங்களையும் ஒப்பிடச் சொல்லுங்கள். கண்மட்டத்திலிருந்து அதிகம் விலகியிருக்கும் அடிப்பகுதியே மூன்றிலும் நன்றாகத் திறந்திருக்கும் என்பதை அவர்களே கண்டு சொல்வார்கள். அதன் பிறகு அடிப்பகுதியை நேர்கோடாகப் போட அவர்களுக்குக் கை வராது. வரையும்போது, பின்னால் மறைந்திருக்கும் விளிம்பையும் சேர்த்து முழு நீள்வட்டமாக, தோளிலிருந்து கையை அசைத்து மெல்லிய கோட்டில் சில சுற்றுகள் வரையச் சொல்லுங்கள். சுற்றிவரும் கோட்டுக்கு முனை கிடையாது என்பதைக் கையே உணர்ந்துகொள்ளும்.

இதைத் தொடர்ந்து நான் தரும் பயிற்சிகள் எல்லாமே பழையவை. புதுமைக்காக எதையும் சேர்ப்பதில்லை. முதலில், தாளைப் பார்க்காமல் பொருளின் விளிம்பை மட்டுமே கண்ணால் தொடர்ந்து, கண் நகரும் வேகத்திலேயே பென்சிலை நகர்த்தும் புறக்கோட்டுப் பயிற்சி. படம் கோணல்மாணலாகவே வரும். அதற்கு மதிப்பெண் கிடையாது என்று முன்னதாகவே சொல்லிவிட்டால் அச்சம் நீங்கிவிடும். அடுத்து, ஒரு நாற்காலியை வரையாமல், அதன் கால்களுக்கும் சட்டங்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடங்களின் வடிவங்களை மட்டும் வரைவது. நாற்காலிக்குப் பெயரும் பழகிய உருவமும் இருக்கின்றன. அந்த இடைவெளிக்கு இரண்டுமே இல்லை என்பதால் மாணவர் உண்மையிலேயே பார்த்தாக வேண்டியிருக்கிறது. பின்னர், கையை முழுமையாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின் மேல் கட்டைவிரலை நகர்த்தி அளவெடுக்கும் முறை. முழங்கை மடங்கினால் ஒவ்வொரு முறையும் அளவு மாறிவிடும். இந்த ஒன்றை மட்டும் நான் வகுப்பு முழுவதும் சுற்றிவந்து கவனிப்பேன்.

இயலுறு தோற்றத்தை, அதாவது தூரத்தைத் தட்டையான தாளில் காட்டும் பர்ஸ்பெக்டிவை, மறைபுள்ளியும் அளவுகோலுமாகத் தொடங்குவதை நான் விரும்புவதில்லை. விதிகளை 1435ஆம் ஆண்டிலேயே இத்தாலிய அறிஞர் ஆல்பர்ட்டி எழுத்தில் வடித்துவிட்டார். அவற்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு போதும். ஆனால் அந்த விதிகள் எதை விளக்க வந்தன என்று மாணவர் முதலில் கண்ணால் காண வேண்டும். சன்னல் கண்ணாடியின் முன் அசையாமல் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளியே சாய்வாக விலகிச் செல்லும் சுவரின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் அழியக்கூடிய மார்க்கரால் கண்ணாடியின் மேலேயே வரையச் சொல்லுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வதையும், நீட்டினால் தம் கண்மட்டத்தில் சந்திப்பதையும் அவர்கள் பார்த்துவிட்டால், மறைபுள்ளி பாடநூலின் சூத்திரமாக இராது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் வெளியிட்ட அளவீட்டு நூலில், கண்ணாடிச் சட்டத்தின் வழியாக உருவத்தைப் பார்த்து வரையும் ஓவியரை மரச்செதுக்குப் படமாகவே காட்டியிருக்கிறார் என்பதை இந்த இடத்தில் சொன்னால், பிள்ளைகளுக்கு இது விளையாட்டு வேலை அன்று என்பதும் புரியும்.

முகம் வரைபவர்களுக்கு ஒரு குறிப்பு. உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் ஏறத்தாழ நடுவில்தான் கண்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லா மாணவர்களும் கண்களை மேலே ஏற்றிவிடுகிறார்கள், ஏனெனில் நெற்றியிலும் தலைமுடியிலும் அவர்களுடைய கவனம் நிலைப்பதில்லை. கைப்பேசியை முகத்துக்கு அருகே பிடித்து எடுத்த படங்களில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் இருக்கும் என்பதையும் சொல்லிவையுங்கள். அவற்றையே பார்த்து வரைந்து பழகியவர்கள் அந்த அளவுகளையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பதில்: ஈரத்தாள்

கரிக்கோல் அவர்கள் சொன்ன பயிற்சிகளை நானும் நடத்துகிறேன், அவற்றின் பயனை நன்கு அறிவேன். ஆனால் ஒரு பருவம் முழுவதையும் பென்சிலுக்கு ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். வரைதலும் வண்ணம் தீட்டுதலும் தனித்தனிப் பாடங்கள் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிட்டால், தூரிகையை எடுத்தவுடன் பென்சிலில் கற்றதை எல்லாம் மேசையிலேயே வைத்துவிடுகிறார்கள். இரண்டையும் இணைக்கும் பாலம் டோன். அதாவது ஒரு பரப்பு எந்த அளவுக்கு வெளிச்சமாக அல்லது இருட்டாக இருக்கிறது என்பது. நிறத்தைத் தவறாகத் தேர்ந்தாலும் டோன் சரியாக அமைந்தால் படம் நிற்கும். டோன் தவறினால் எந்த நிறமும் அதைக் காப்பாற்றாது.

ஒரே ஒரு விளக்கை ஒரு பக்கத்தில் வைத்து, மற்ற வெளிச்சங்களை அணைத்து, வெள்ளைப் பந்து ஒன்றை வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். ஒளி பட்ட பகுதி, ஒளி மெல்லக் குறையும் பகுதி, அடர்ந்த இருட்டுப் பட்டை, அதற்கு அப்பால் தாளிலிருந்து திரும்பி வரும் எதிரொளி, கீழே விழும் நிழல் ஆகிய ஐந்தையும் விரலால் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். எல்லாரும் தடுமாறும் இடம் எதிரொளிதான். இருட்டின் நடுவே இருப்பதால் அது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. மாணவர் அதை ஏறக்குறைய வெள்ளையாகவே விட்டுவிடுகிறார், பந்து உடனே உலோகமாக மாறிவிடுகிறது. எதிரொளி இருட்டுப் பகுதியைச் சேர்ந்தது என்பதால், ஒளிப்பகுதியின் மிக மங்கலான இடத்தைவிடவும் அது கருமையாகவே இருக்க வேண்டும். கண்களைப் பாதி மூடிப் பார்க்கச் சொன்னால், எதிரொளி நிழலோடு கலந்து மறைவதை அவர்களே காண்பார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் இந்தப் பழக்கம் படிந்துவிட்டால், அது வாழ்நாள் முழுவதும் உதவும்.

கருவி பற்றி ஒரு சொல். எச்பி பென்சில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நிழல் போடச் சொல்வது மாணவருக்கு இழைக்கும் அநீதி. 1795இல் பிரெஞ்சுக்காரரான கோன்டே கிராஃபைட்டோடு களிமண்ணைக் கலந்து சுட்டு பென்சில் செய்யும் முறையைக் கண்டதிலிருந்து, களிமண் கூடினால் கடினமும் குறைந்தால் கருமையும் கிடைக்கின்றன. 2எச், எச்பி, 2பி, 6பி ஆகிய நான்கும் இருந்தால் போதும். ஆழ்ந்த இருட்டு தேவைப்படும்போது, கிராஃபைட்டை அழுத்தி அழுத்திப் பளபளக்கச் செய்வதைவிடக் கரியை எடுப்பது நல்லது. தாள் முழுவதையும் கரியால் மங்கலாக்கிவிட்டு, அழிப்பானால் ஒளியை எடுத்துக்கொண்டு வரும் பயிற்சி, கோட்டைப் பற்றிக்கொண்டே இருக்கும் மாணவரைக் கோட்டிலிருந்து விடுவிக்கும். விரலால் தேய்த்து மழுக்குவதை மட்டும் தொடக்கத்தில் நான் அனுமதிப்பதில்லை. தேய்த்துவிட்டால் எல்லாம் மென்மையாகிவிடும். எந்த விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும் என்ற தீர்மானம் எடுக்கப்படாமலேயே போய்விடும்.

இங்கிருந்து ஒரே நிறத்தில் ஓவியம். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு வண்ணம் ஒன்றையே எடுத்து, அதே பந்தையும் கோப்பையையும் நீர்வண்ணத்தில் தீட்டச் சொல்கிறேன். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். எங்கே தாளை விட்டுவைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். பலகையைச் சற்றுச் சாய்த்து, தூரிகை நிறைய வண்ணம் எடுத்து, பட்டையின் கீழ்விளிம்பில் தேங்கும் நீர்த்திரளை அடுத்த பட்டைக்கு இழுத்துக்கொண்டே வந்தால் சீரான வாஷ், அதாவது மெல்லிய வண்ணப் படலம், கிடைக்கும். பாதி காய்ந்த இடத்துக்கு மாணவர் மீண்டும் ஈரத் தூரிகையோடு திரும்பிச் செல்லும்போதுதான் பூக்கோசு போன்ற கறைகள் விழுகின்றன. தாளின் பளபளப்பு மறைகிறதா என்று பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பளபளப்பு இருக்கும் வரை வேலை செய்யலாம், மறையத் தொடங்கிவிட்டால் முழுதாகக் காயும் வரை கை வைக்கக் கூடாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தாள் இருந்தால் நெளியாமல் தாங்கும். மெல்லிய தாளானால் நான்கு பக்கமும் பலகையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நீர்வண்ணம் காய்ந்தபின் வெளிறும், அக்ரிலிக் காய்ந்தபின் சற்றுக் கருக்கும். இதை முதல் நாளே ஒரு துண்டுத் தாளில் செய்து காட்டிவிட்டால் பல ஏமாற்றங்கள் தவிரும்.

நிறக்கலவைக்கு வருகிறேன். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் கலந்தால் எல்லா நிறமும் வரும் என்று படித்த மாணவர், செந்தூரச் சாயலுள்ள சிவப்பை நீலத்தோடு கலந்து, ஊதாவுக்குப் பதிலாகப் பழுப்பைப் பெற்றுக் குழம்புகிறார். ஒவ்வொரு நிறமியும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அல்ட்ராமரின் நீலம் ஊதாவின் பக்கமும், தாலோ நீலம் பச்சையின் பக்கமும் சாய்கின்றன. ஆகவே ஒவ்வொரு முதன்மை நிறத்திலும் இரண்டு சாயல்களாக ஆறு குழாய்கள் கொடுத்து, எந்த இணை பளிச்சென்ற பச்சையைத் தருகிறது, எது மங்கிய பச்சையைத் தருகிறது என்று அவர்களையே கட்டம் போட்டுப் பதியச் சொல்லுங்கள். தாலோ நீலமும் லெமன் மஞ்சளும் கூர்மையான பச்சையைத் தரும். அல்ட்ராமரினும் ஆரஞ்சுச் சாயலுள்ள மஞ்சளும் இலைக்கு வேண்டிய அடங்கிய பச்சையைத் தரும். கறுப்புக் குழாயைச் சில காலம் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அல்ட்ராமரினோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால், வேண்டிய அளவுக்குக் குளிர்ச்சியாகவோ வெதுவெதுப்பாகவோ திருப்பக்கூடிய ஆழ்ந்த சாம்பல் நிறம் கிடைக்கும். நிழலுக்கு அது போதுமானது.

ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் மாறித் தெரியும் என்பதையும் மறவாமல் காட்டுங்கள். பாரிசின் கோபெலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரல், சில நூலிழைகள் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் சாயம் அன்று, அருகிலுள்ள நிறங்களே என்று கண்டு, 1839இல் அதை விரிவாக எழுதினார். ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி, ஒன்றைச் சிவப்பின் மேலும் மற்றொன்றைப் பச்சையின் மேலும் வைத்தால், அவை ஒரே தாள் என்று வகுப்பில் பலர் நம்பவே மறுப்பார்கள்.

பதில்: மௌனத்தூரிகை

மேலே எழுதிய இருவரின் நுட்ப விளக்கங்களும் மதிப்புமிக்கவை. ஆனால் பயிற்சிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலை எழுகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது. அதைச் சொல்ல விடாமல் மாதக்கணக்கில் பந்தையும் கோப்பையையும் வரையவைத்தால், கை தேறுவதற்குள் ஆர்வம் வற்றிவிடும். ஒவ்வொரு பயிற்சியையும், அது தேவைப்படும் சொந்தப் படம் ஒன்றோடு அதே வாரத்தில் இணைத்துவிடுங்கள். எதிரொளியைக் கற்ற வாரத்தில், இரவில் ஒரே விளக்கின் கீழ் அமர்ந்திருக்கும் வீட்டார் ஒருவரை வரைந்து வரச் சொல்லலாம். நிறச்சாய்வைக் கற்ற வாரத்தில், தமக்குப் பிடித்த ஓர் இடத்தைப் பச்சைக் குழாயே இல்லாமல் தீட்டச் சொல்லலாம். எந்தப் படத்துக்கும் முன்னால், தீப்பெட்டி அளவில் நான்கைந்து சிறு வரைவுகள் போட்டு, மூன்றே டோன்களில் அமைப்பை முடிவு செய்துகொள்ளும் பழக்கம் இருந்தால், பயிற்சியும் படைப்பும் தனித்தனியாகப் பிரியாது.

மாணவரின் தாளில் கைவைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஆசிரியரின் ஒரு கோடு விழுந்தவுடன் அந்தப் படம் மாணவருடையதாக இருப்பது நின்றுவிடுகிறது. மற்றவர்களும் தத்தம் தாளை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கத் தொடங்குவார்கள். படத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து, அதன் மேல் உங்கள் கருத்தை வரைந்து காட்டிவிட்டு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். பார்த்ததை நினைவில் வைத்து அவரே திருத்துவார். செயல்விளக்கம் பத்து நிமிடங்களைத் தாண்டாமல் இருப்பதும் நல்லது. அதைத் தாண்டினால் உங்கள் திறமையை வியக்கிறார்களே தவிர, தம் கையை நினைப்பதில்லை.

படங்களைச் சுவரில் மாட்டிக் கலந்து பேசும்போது, முதல் சுற்றில் "நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை" என்ற சொற்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். கண் முதலில் எங்கே போகிறது, அங்கிருந்து எங்கே நகர்கிறது, மிகக் கருமையான இடம் எது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். தாம் நினைத்த இடத்துக்கு யாருடைய பார்வையும் போகவில்லை என்பதைக் கேட்கும் மாணவருக்கு, வேறு யாரும் குறை சொல்லத் தேவையிருக்காது. கூச்சமுள்ள பிள்ளைகளும் இந்த முறையில் தயங்காமல் பேசுகிறார்கள்.

மதிப்பீட்டுக்கு, முடிந்த படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் ஸ்கெட்ச் புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேதியிட்டுப் பாதுகாத்தால், திறமையோடு வந்து அங்கேயே நின்றுவிட்டவரையும், தடுமாறி வந்து நெடுந்தூரம் நடந்துவிட்டவரையும் அது பிரித்துக் காட்டும்.

மறுமொழி: வரைவகுப்பு

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. பருவங்களாகப் பிரிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, டோனை நடுவில் வைத்து, வாரந்தோறும் ஒரு பயிற்சியும் அதையொட்டிய ஒரு படமுமாகத் திட்டமிடத் தொடங்கியிருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி. என் வகுப்பில் சிலர் ஜப்பானியக் காமிக்ஸ் பாத்திரங்களைத் தவிர வேறு எதையும் வரைய விரும்புவதில்லை. பெரிய கண்களும் கூரான முகவாயும் அச்சடித்தாற்போல வருகின்றன. முகத்தைச் சற்றுத் திருப்பி வரையச் சொன்னால் நின்றுவிடுகிறார்கள். அந்த ஆர்வத்தைத் தடுக்கவும் எனக்கு விருப்பமில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: கரிக்கோல்

தடுக்க வேண்டியதே இல்லை ஐயா. நாள்தோறும் தாமாகவே வரையும் பிள்ளைகள் அவர்கள்தான். வகுப்பிலேயே அதிக நேரம் பென்சில் பிடிப்பவர்களும் அவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் நின்றுவிடும் இடம், முகத்தைத் திருப்பும் இடம், உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு. தமக்குப் பிடித்த பாத்திரத்தின் தலையைக் களிமண்ணில் கைப்பிடியளவு செய்யச் சொல்லுங்கள். முகத்தின் நடுக்கோட்டையும் கண்களின் கோட்டையும் குச்சியால் அதில் கீறிவிட்டு, தலையைப் பல பக்கம் திருப்பி, அந்த இரு கோடுகளும் எப்படி வளைகின்றன என்பதை மட்டும் வரையட்டும். குவளையின் நீள்வட்டத்தில் பார்த்த அதே வளைவு இங்கேயும் இருப்பதைக் கண்டுகொள்வார்கள்.

ஆடையின் மடிப்புகளுக்கு வகுப்பிலுள்ள நண்பர் ஒருவரை நிற்கவைத்து முப்பது வினாடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று விரைவுக் கோட்டுப்படங்கள் வரையச் செய்யுங்கள். உடலின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதை முதல் கோட்டிலேயே பிடிக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. பிறகு அதே நிலையில் தம் பாத்திரத்தை நிறுத்தி வரையட்டும். பெரிய கண்களை மாற்றச் சொல்லாதீர்கள். அந்தப் பாத்திரம் தரையில் காலூன்றி நிற்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.